உப்புப் பேணியில் வைத்த மருந்து

குருநகர்க் கரையில் பெர்னடெட்டின் வாய்க்குத் தப்பியவர்கள் இரண்டே பேர். ஒருவர் கோயில் கண்ணாடிக் கூட்டுக்குள் நிற்கும் அந்தோனியார். மற்றவர் அவளுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போதே கடலோடு போய்விட்ட அவளுடைய தகப்பன் செபநாயகம். முப்பத்தேழாவது வயதில் அவள் தகப்பனையும் விட்டுவைக்கவில்லை. செத்து இருபத்தெட்டு வருஷமான மனிதனை, ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்துகொண்டு, இன்னும் கொஞ்சக் காலம் உயிரோடு இருந்து காட்டியிருக்கக் கூடாதா என்று திட்டினாள். காரணம் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு.

நடந்தது தொண்ணூற்று மூன்றாம் ஆண்டில், யாழ்ப்பாணத்தைச் சண்டை சுற்றி வளைத்திருந்த காலத்தில். கரன்ட் நின்று மூன்று வருஷமாகிவிட்டது. ஆழக்கடலுக்குப் போனால் நேவிக்காரன் சுடுவான் என்பதால் பெர்னடெட்டின் புருஷன் சிமியோன் கரையோரக் களப்பில் வலை போட்டு, கிடைக்கிற ஓராவையும் திரளியையும் கொண்டுவருவான். ஐஸ் என்ற சாமானை யாரும் கண்ணால் காணவில்லை. ஆகவே அன்றைக்கு விற்காத மீன் அன்றைக்கே உப்புக்குப் போக வேண்டும். அந்த வேலையில் பெர்னடெட்டை மிஞ்ச அந்தக் கரையில் ஆளில்லை. கொடிகாமச் சந்தையில் பெர்னடெட்டின் கருவாடு இருக்கிறதா என்று கேட்டு வாங்கிப் போகிறவர்கள் இருந்தார்கள். எந்த மீனுக்கு எத்தனை கை உப்பு, எத்தனை வெயில் என்பதெல்லாம் அவள் கைக்குத் தெரியும். ஒரு பொருளைப் பழுதாகாமல் வைத்திருக்கிற விஷயத்தில் தனக்கு யாரும் படிப்பிக்க வேண்டியதில்லை என்று அவள் நினைத்திருந்தாள். அந்த நினைப்புத்தான் பிறகு அவளைக் கொல்லப் பார்த்தது.

மாசி மாதத்தில் தாகம் தொடங்கியது. ஒரு குடம் தண்ணீரும் போதவில்லை. நாளுக்கு இருபது தரம் கொல்லைக்கு ஓட வேண்டியிருந்தது. சட்டைகள் தொளதொளத்தன. கலியாண மோதிரம் விரலில் நிற்காமல் கழன்று மீனோடு உப்புக்குள் போய்விட, இரண்டு நாள் கழித்துத்தான் ஒரு திரளியின் வயிற்றுக்குள் அது கிடைத்தது. சிமியோனின் தமக்கை சின்னத்தங்கம், புருஷன் செத்த பிறகு அவர்களோடு வந்து இருக்கிறவள், பெர்னடெட்டை மேலும் கீழும் பார்த்துவிட்டு வருத்தத்தைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"இது உடம்புச் சூடு. வெயிலுக்கை நிண்டு நிண்டு காய்ஞ்சு போனாய். விடியக் காலமை கருப்பணி குடி, பிள்ளை. குளிர்ச்சி."

கருப்பணி என்றால் புளிக்காமல் சுண்ணாம்பு பூசிய முட்டியில் இறக்கிய பதநீர். தேன் தோற்கும் இனிப்பு. சீனி வருத்தக்காரிக்கு இரண்டு மாதம் தினமும் ஒரு செம்பு கருப்பணி பருக்கிய புண்ணியம் சின்னத்தங்கத்தைச் சேரும். குடிக்கக் குடிக்கத் தாகம் கூடியது. தாகம் கூடக் கூடச் சின்னத்தங்கம் செம்பையும் பெரிதாக்கினாள். சித்திரை மாதம் ஒருநாள் பெர்னடெட் மீன் கூடையோடு கரையில் குப்புற விழுந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஆறு நாள் வைத்திருந்தார்கள். ஊசி ஏற்றியதும் தாகம் அடங்கி, கண் தெளிந்து, வாயும் திரும்பி வந்துவிட்டது. ஏழாம் நாள் நமசிவாயம் டொக்டர் அவளைக் கூப்பிட்டு இருத்திக் கேள்வி கேட்டார். இளம் ஆள். கண்ணாடியின் ஒரு காதை நூலால் கட்டியிருந்தார்.

"அம்மாவுக்குச் சீனி வருத்தம் இருந்ததோ?"

"அம்மா நெருப்புக் காய்ச்சலிலை போனவ. எனக்கு மூண்டு வயசு."

"அப்பாவுக்கு?"

"கடலிலை போனவர். நாப்பது வயசும் ஆகேல்லை."

"சகோதரங்கள்?"

"ஒரு அண்ணை. அவரும் கடலிலைதான். ஏன் டொக்டர் உதெல்லாம்? உந்த வருத்தம் வாற வயசு மட்டும் எங்கடை ஆம்பிளையளை ஆர் உயிரோடை விட்டவை?"

டொக்டர் பேனையை வைத்துவிட்டார். பிறகு பொறுமையாகச் சொன்னார். இந்த வருத்தத்தில் இரண்டு வகை இருக்கிறதாம். ஒன்று பெரும்பாலும் இளம் வயதில், மெலிந்த ஆட்களுக்கு வரும். அவர்களுக்கு ஊசி இல்லாவிட்டால் உயிர் இல்லை. மற்றது வயது போன, உடம்பு வைத்த ஆட்களுக்கு வரும். மாத்திரையோடு சமாளிக்கலாம்.

"நீங்கள் ரண்டுக்கும் நடுவிலை நிக்கிறியள். மெலிவைப் பாத்தால் முதல் வகை. வயசைப் பாத்தால் மற்றது. குடும்பத்தைக் கேட்டால் அதுகும் பிடிபடேல்லை."

"நடுவிலை விட்டால் நான் என்ன செய்யிறது? ஏதாவது ஒரு கரையிலை ஏத்தி விடுங்கோவன்."

"அதுக்கு ஒரு ரத்தச் சோதினை இருக்கு. கொழும்புக்கு அனுப்ப வேணும். ரத்தத்தை ஐஸிலை வைச்சு அனுப்ப வேணும்."

பெர்னடெட் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டவர்கள் அதைச் சிரிப்பு என்று சொல்ல மாட்டார்கள். பாதை பூட்டி, கிளாலிக் கடலில் வள்ளத்தில் உயிரைப் பிடித்துக்கொண்டு சனம் போய்வருகிற காலத்தில், இல்லாத ஐஸில் வைத்து அவளுடைய ரத்தம் கொழும்புக்குப் போக வேண்டுமாம்.

"அப்ப மூண்டு மாசம் ஊசி போடுங்கோ. ஒரு நாளும் நிப்பாட்டக் கூடாது. பேந்து மாத்திரைக்கு மாத்தலாமோ எண்டு பாப்பம்," என்று சொல்லி, அவளுடைய கிளினிக் கொப்பியில் வருத்தத்தின் பெயரை எழுதி, வகை என்ற இடத்தில் ஒரு கேள்விக்குறியைப் போட்டார். பெர்னடெட்டுக்குப் படிக்கத் தெரியும். படித்த மனிதர் ஒருவர், உயிர் போகிற விஷயத்தில், இப்படி ஒரு கொக்கியை வளைத்துவிட்டுக் கொப்பியை மூடியது அவளுக்குப் பொறுக்கவில்லை. ஆனாலும் மனதின் ஒரு மூலையில் மாத்திரை என்ற சொல் ஒட்டிக்கொண்டது. செத்தாலும் தான் மாத்திரை வகையாகத்தான் இருக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவெடுத்தாள். ஊசியைத் தொடங்கினால் சாகும் வரைக்கும் ஊசிதான் என்று சனம் கதைக்கும்.

மருந்து கொடுக்கிற மேசையில் தாதி குணலட்சுமி மிஸி இருந்தாள். வரிசை வாசல் தாண்டி நின்றது. இரண்டு சின்னக் கண்ணாடிப் போத்தல்கள், உள்ளே தண்ணீர்போல் தெளிந்த மருந்து. கப்பலில் வந்தது, கவனமாகப் பாவிக்க வேண்டும், காலையும் பின்னேரமும் போட வேண்டும் என்றெல்லாம் மிஸி ஒரே மூச்சில் சொன்னாள். பெர்னடெட் அது வரைக்கும் வாயைத் திறக்கவில்லை.

"இதைக் குளிரிலை வைச்சிருக்க வேணும். ஃபிரிஜ்ஜிலை வையுங்கோ. ஃபிரிஜ் இல்லாட்டில்..."

அதற்கு மேல் மிஸியால் சொல்ல முடியவில்லை.

"ஃபிரிஜ்ஜோ? ஆற்றை வீட்டு ஃபிரிஜ் மிஸி? மூண்டு வருஷமாய் ஜாம் போத்தில் விளக்கிலை இருக்கிற சனத்திட்டைக் கதைக்கிற கதையே இது? ஐஸ் இருந்தால் நான் ஏன் கருவாடு போடுறன்? மருந்தைத் தந்தால் போதும். வைக்கிற விதம் எனக்குத் தெரியும்."

போத்தல்களைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு எழுந்துவிட்டாள். மிஸி பின்னாலே ஏதோ சொன்னாள். அடுத்த ஆள் அதற்குள் கதிரையில் இருந்துவிட்டார்.

சைக்கிள் நிறுத்துகிற வேம்பின் கீழ் சிமியோன் நின்றான். பக்கத்தில், தோளில் வெள்ளைச் சால்வையும் காலில் புண்ணுக்குக் கட்டும் போட்ட ஒரு மனிதர், தன் சைக்கிளின் காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். உரும்பிராய்த் தோட்டக்காரர் தியாகலிங்கம். பத்து வருஷமாக ஊசி போடுகிறவர். பெர்னடெட் உள்ளே போட்ட சத்தம் முழுவதையும் அவர் கேட்டிருந்தார்.

"தங்கச்சி, கோவிக்காதையுங்கோ. உங்கடை ஆக்கள் ஒண்டையும் பொறுத்துக் கேக்க மாட்டினம். நான் ஒரு விதம் சொல்லுறன்..."

உங்கடை ஆக்கள் என்ற சொல்லோடு முடிந்தது கதை. சாதியின் பெயரைச் சொல்லாமல் சாதியைச் சொல்கிற அந்தச் சொல்லைப் பெர்னடெட் பிறந்ததில் இருந்து கேட்டிருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் கேட்டாள். சந்தையில் கேட்டாள். இரண்டு பேரும் ஒரே வரிசையில் ஒரே வருத்தத்துக்கு ஒரே போத்தலை வாங்கிக்கொண்டு வந்து நிற்கிற இடத்திலும் கேட்க வேண்டுமா?

"எங்கடை ஆக்கள் பிடிக்கிற மீனை மட்டும் பொறுத்திருந்து வாங்கித் தின்னுறியள்தானே. உங்கடை விதத்தை உங்கடை ஆக்களுக்குச் சொல்லுங்கோ. என்னப்பா, சைக்கிளை எடுங்கோ."

தியாகலிங்கம் வாயைத் திறந்தபடி நின்றார். சிமியோன் அவரைப் பார்த்துத் தலையை ஒருமுறை ஆட்டினான். அது மன்னிப்பா, போய்வருகிறோம் என்பதா என்று அவனுக்கே தெரியாது. பெர்னடெட் கரியரில் ஏறியாகிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அவள் நேரே கரையிலிருக்கும் தங்கள் வாடிக்குப் போனாள். நாலு தடியில் தகரம் போட்டு, மீனுக்கு உப்புப் போடுகிற கொட்டில் அது. தகரத்துக்குக் கீழே ஒரு பலகைத் தட்டு. அதில் உப்பு நிரம்பிய பழைய விசுக்கோத்துத் தகரப் பேணி இருந்தது. ஈரம் படாத, பொடிக்கல்லான, முதல்தர உப்பு. இரண்டு போத்தல்களையும் வெள்ளைத் துணியில் சுற்றி, அந்த உப்புக்குள் புதைத்து, மேலே இரண்டு கை உப்பைப் போட்டு அமத்தி மூடினாள். ஐஸ் இல்லாத இடத்தில் உப்பு. இதைச் சொல்ல ஒரு மிஸி வேண்டுமா? மீனை மூன்று மாதம் காக்கிற உப்பு இரண்டு போத்தல் தண்ணீரைக் காக்காதா?

குறை சொல்லக் கூடாது, முதல் பத்து நாளும் எல்லாம் திறமாக நடந்தது. காலையும் பின்னேரமும் வாடிக்குப் போய், பேணியைக் கிளறிப் போத்தலை எடுத்து, அவித்த கண்ணாடி ஊசியில் மருந்தை இழுத்துத் தானே தொடையில் குத்திக்கொள்வாள். சிமியோன் ஊசியைக் கண்டால் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பான். ஆஸ்பத்திரியில் கொடுத்த நீல மருந்தைச் சோதினைக் குழாயில் விட்டு, எட்டுத் துளி சிறுநீர் சேர்த்துக் கொதிக்க வைத்தால் நிறம் மாறும். நீலமாக இருந்தால் சீனி இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். மஞ்சள் என்றால் கூட. செங்கல் நிறம் வந்தால் ஆபத்து. பெர்னடெட்டின் குழாய் பச்சையில் நின்றது. ஒருநாள் நீலமாகவும் இருந்தது. அந்தக் குழாயைக் கரை முழுவதும் கொண்டுபோய்க் காட்டாத குறை.

வைகாசி வந்தது. வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். வாடித் தகரத்தில் கை வைத்தால் தோல் உரியும். மீன் ஒரே நாளில் காய்ந்தது என்று பெர்னடெட் சந்தோஷப்பட்டாள். குழாய் மஞ்சளானது. பிறகு மஞ்சளும் சிவப்பும் கலந்தது. தாகம் திரும்பி வந்தது. அவள் ஒரு நாளும் ஊசியைத் தவறவிடவில்லை. சோற்றைப் பாதியாகக் குறைத்தாள். பனங்கட்டியைக் கண்ணாலும் பார்க்கவில்லை. ஒரு நாள் காலை குழாய் செங்கல் நிறத்தில் வந்தபோது அதை அடுப்பங்கரைச் சுவரில் அடித்து உடைத்தாள்.

"குத்து குத்தெண்டு குத்தித் தொடையெல்லாம் ஓட்டை. சொன்னபடி எல்லாம் செய்யிறன். ஆருக்குச் செய்யிறன் நான்?"

"உனக்கு ஊசி ஒத்துக்கொள்ளேல்லை," என்றாள் சின்னத்தங்கம். "ஊசி வகையெண்டால் ஊசிக்குக் கேட்டிருக்கும்தானே. இது மாத்திரை வகைதான். டொக்டருக்கே தெரியாதெண்டுதானே கேள்விக்குறி போட்டு விட்டவர்."

சின்னத்தங்கத்தின் வாயிலிருந்து வந்தாலும், அந்த நியாயத்தில் ஓட்டை இருப்பதாகப் பெர்னடெட்டுக்குத் தெரியவில்லை. தான் கேட்க ஆசைப்பட்டதை மற்றவர் சொல்லும்போது யாருக்குத்தான் ஓட்டை தெரியும்? சின்னத்தங்கத்தின் புருஷனுக்கும் சீனி வருத்தம் இருந்தது. அந்த மனிதன் செத்து நாலு வருஷம். அவர் குடித்து மிஞ்சிய மாத்திரைகள் இன்னும் அவளுடைய டிரங்குப் பெட்டியில் ஒரு சின்னப் பேணிக்குள் இருந்தன. எதையும் எறியாத காலம் அது. வெள்ளை மாத்திரை மஞ்சள் பூத்திருந்தது.

"டொக்டரை ஒருக்காக் கேப்பம்," என்றான் சிமியோன்.

"கேட்டு? இன்னொரு கேள்விக்குறி போடவோ?" என்று கேட்டுவிட்டு, பெர்னடெட் அன்றைக்கே ஊசியை நிறுத்தி, அந்த மாத்திரையை விழுங்கத் தொடங்கினாள்.

நாலாம் நாள் சத்தி எடுக்கத் தொடங்கினாள். ஐந்தாம் நாள் தண்ணீரும் வயிற்றில் தங்கவில்லை. மூச்சு நாயின் மூச்சுப்போல் இழுத்தது. வாயிலிருந்து பழுத்து அழுகிய பழ வாடை வந்தது. வீட்டில் பழம் எதுவும் இல்லையே என்று சின்னத்தங்கம் பாத்திரங்களை மோந்து பார்த்தாள். அன்று மத்தியானம், கடலிலிருந்து வந்த சிமியோன் வலையை அப்படியே போட்டுவிட்டு, பெர்னடெட்டைச் சைக்கிள் பாரில் இருத்தி, விழாமல் தன்னோடு சேர்த்துச் சால்வையால் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு மிதித்தான். வழியெல்லாம் அவள் அவனை மெதுவாய்ப் போகச் சொல்லித் திட்டினாள். பாதி வழி தாண்டும்போது திட்டுவது நின்றது. அவன் வாழ்க்கையிலே முதன்முறையாக அவளுடைய வாய் மூடியதற்குப் பயந்து அழுதுகொண்டு மிதித்தான்.

இரண்டு நாள் கழித்துத்தான் பெர்னடெட் கண் திறந்தாள். கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. காலடியில் நமசிவாயம் டொக்டரும் குணலட்சுமி மிஸியும் நின்றார்கள். பக்கத்தில் சிமியோன், மடியில் விசுக்கோத்துப் பேணியோடு. அவள் பாவித்த மருந்தைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். அவன் பேணியோடு கொண்டுவந்துவிட்டான்.

டொக்டர் மூடியைத் திறந்தார். கொஞ்ச நேரம் உள்ளே பார்த்தார். பிறகு உப்புக்குள் கையை விட்டுத் துணிப் பொட்டலத்தை எடுத்து அவிழ்த்தார். போத்தலை வெளிச்சத்தில் பிடித்தபோது தெளிந்த தண்ணீராய் இருந்த மருந்து மங்கலாக, உள்ளே தூசி தூசியாக ஏதோ மிதந்தது.

"இதை எங்கை வைச்சிருந்தனீங்கள்?"

"வாடியிலை. தகரத்துக்குக் கீழை," என்றான் சிமியோன். "பழுதாகாமல் இருக்கட்டும் எண்டு உப்புக்குள்ளை."

அடுத்த கட்டிலில் ஒருத்தி சிரித்தாள். டொக்டர் சிரிக்கவில்லை. அதை அவருக்கு வரவு வைக்கத்தான் வேண்டும்.

"உப்பு மீனிலை இருக்கிற தண்ணியை இழுத்தெடுக்கும். அதாலைதான் மீன் பழுதாகாது. கண்ணாடிப் போத்திலுக்குள்ளை இருக்கிறதை உப்பு என்ன செய்யும்? இந்த மருந்துக்கு எதிரி சூடு. வைகாசி வெயிலிலை தகரத்துக்குக் கீழை வைச்சால் ரண்டு கிழமையிலை வெறும் தண்ணிதான். நீங்கள் குத்தினது தண்ணியை, அம்மா."

பெர்னடெட் பேணியைப் பார்த்தாள். முப்பது வருஷம் உப்போடு கிடந்த கை, போர்வைக்கு மேல் சும்மா கிடந்தது. தன் தொழிலே தனக்குக் குழி வெட்டியது என்பதை அவளால் விழுங்க முடியவில்லை. பிறகு வழக்கம்போல் அது கோபமாகத்தான் வெளியே வந்தது.

"ஒருதரும் எனக்குச் சொல்லேல்லை."

"நான் சொல்ல வந்தனான்," என்றாள் குணலட்சுமி மிஸி. "ஃபிரிஜ் இல்லாட்டில் புதுப் பானையிலை ஈர மண் போட்டு, அதுக்குள்ளை வைச்சு, நிழலிலை வையுங்கோ எண்டு. நீங்கள் எழும்பிப் போட்டியள்."

"எழும்பினால் என்ன? பிடிச்சு இருத்திச் சொல்லுறதுதானே."

"அண்டைக்கு என்ரை வரிசையிலை அறுபது பேர்," என்றாள் மிஸி. அவளும் கோபமாகத்தான் சொன்னாள். அவளுடைய கண்ணுக்குக் கீழே கருவளையம் இருந்ததைப் பெர்னடெட் அப்போதுதான் பார்த்தாள்.

கொஞ்சம் எழும்பி இருக்கக்கூடிய நாளில் பெர்னடெட் டொக்டரிடம் கேட்டாள்.

"சரி, நான் முட்டாள் வேலை செய்துபோட்டன். இவ்வளவு நாள் மருந்தில்லாமல் இருந்து செத்துப் பிழைச்சிருக்கிறன். இப்பவாவது தெரியும்தானே, நான் எந்த வகை?"

டொக்டர் யோசித்தார். "முழுக்க முதல் வகையெண்டால் இவ்வளவு நாள் தாங்கியிருக்க மாட்டியள். மாத்திரை வகையெண்டால் உந்தப் பழ வாடை வந்திருக்காது. இன்னும் நடுவிலைதான் நிக்கிறியள்."

"செத்திருந்தால் தெரிஞ்சிருக்குமோ?"

"தெரிஞ்சிருக்கும்," என்றார் அவர். உண்மையைச் சொன்னதற்காகப் பெர்னடெட் அவரை அன்றைக்குத் திட்டவில்லை. கொப்பியில் பழைய கேள்விக்குறிக்குப் பக்கத்தில் அவர் இன்னொன்றும் போட்டார். அதற்குக் கீழே, ஊசியை ஒருநாளும் நிறுத்தக் கூடாது என்று பெரிய எழுத்தில் எழுதி இரண்டு கோடு இழுத்தார்.

வீட்டுக்கு விடுகிற நாளில் மிஸியின் மேசைக்குப் போனாள். இந்தமுறை மிஸி சொல்லி முடிக்கும்வரை எழும்புவதில்லை என்று நினைத்துக்கொண்டு கதிரையை இரண்டு கையாலும் பிடித்தபடி இருந்தாள்.

"கப்பல் இன்னும் வரேல்லை," என்றாள் மிஸி. "வாட்டிலை கிடக்கிற ஆக்களுக்கு எண்டு வைச்சிருக்கிறதை வெளியிலை தர ஏலாது. இது ஒண்டுதான் இருக்கு. கப்பல் வாறமட்டும் சமாளியுங்கோ."

மேசைக்குக் கீழிருந்து ஒரு சின்ன மண்பானையைத் தூக்கி வைத்தாள். வாயில் ஈரச் சாக்குத் துண்டு. உள்ளே ஈர மண். மண் சிவப்பு. அதற்குள் தொட்டாலே குளிர்ந்த ஒரு போத்தல், முக்கால்வாசி மருந்தோடு. அதில் ஒட்டியிருந்த பிளாஸ்டர்த் துண்டில் பேனையால் ஒரு பெயர் எழுதியிருந்தது. க. தியாகலிங்கம், உரும்பிராய்.

"ஆர் இது?"

"வெள்ளைச் சால்வை போட்டவர். காலிலை புண். அண்டைக்கு வேம்படியிலை உங்களோடை கதைபட்டவர். நான் யன்னலாலை பாத்தனான்."

"அவருக்கு மருந்து வேண்டாமோ?"

மிஸி சாக்குத் துண்டைச் சரிசெய்தாள். "போன கிழமை தோட்டத்திலை பயிருக்குத் தண்ணி மாறிக்கொண்டு நிண்டவர். ஷெல் விழுந்திட்டுது. அவற்றை பெஞ்சாதி கமலாவதி எட்டுச் சடங்கும் முடியமுன்னம் இதைக் கொண்டுவந்து தந்தவ. பழுதாகேல்லை, ஆருக்கும் உதவட்டும் எண்டு. பானையையும் நீங்களே கொண்டுபோங்கோ."

பெர்னடெட் கதிரையை விட்டு எழும்பவில்லை. பின்னால் வரிசை முணுமுணுத்தது. கண்ணில் தண்ணீர் வந்தது, அதற்கும் அவளுக்குக் கோபம் வந்தது. அந்த மனிதன் உயிரோடு இருந்தால், உரும்பிராய்க்குச் சைக்கிளை விடச் சொல்லி, அவருடைய படலையடியில் நின்று இன்னும் நாலு கேள்வி கேட்டிருப்பாள். அவரும் நாலு சொல் சொல்லியிருப்பார். பிறகு மருந்தையும் வாங்கியிருப்பாள். இப்போது யாரிடம் போய்க் கத்துவது? ஷெல் அடித்தவன் பலாலி ஆமி முகாமில் இருக்கிறான். அவனுக்கு உரும்பிராயில் தண்ணீர் மாறுகிறவனும் தெரியாது, குருநகரில் உப்புப் போடுகிறவளும் தெரியாது.

"குளிர் விடாமல் காலமையும் பின்னேரமும் தண்ணி தெளியுங்கோ," என்றாள் மிஸி.

"ஓம்," என்றாள் பெர்னடெட்.

வீட்டு வாசலில் சின்னத்தங்கம் காத்துக்கொண்டு நின்றாள். "என்ன வகையாம் பிள்ளை?"

"இன்னும் தெரியாதாம். உங்கடை மாத்திரைப் பேணி எங்கை மச்சாள்?" என்று கேட்டு வாங்கி, முற்றத்தைத் தாண்டிப் போய் அதைக் கடலில் எறிந்தாள். சின்னத்தங்கம் ஒரு கிழமை கதைக்கவில்லை. அந்த ஒரு கிழமையும் வீடு அமைதியாக இருந்தது.

பானையைக் கிணற்றடி வாழைக்குக் கீழே, வெயில் எட்டாத இடத்தில் வைத்தாள். சிமியோன் குந்தியிருந்து அதைப் பார்த்தான்.

"உந்தச் சிவப்பு மண்ணைக் கொட்டிப்போட்டு எங்கடை கடற்கரை மணலைப் போடட்டோ? நல்லாய்த் தண்ணி பிடிக்கும்."

"அதிலை கை வைச்சியளெண்டால் தெரியும்."

அவன் எழும்பிப் போனான். பெர்னடெட் செம்பில் தண்ணீர் அள்ளி, உரும்பிராய் மண்ணில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தாள். போத்தலை எடுத்துத் துடைத்து மருந்தை இழுத்தாள். பிளாஸ்டரில் பெயர் நனைந்து மை ஊறியிருந்தது. அந்தப் பெயரைப் பார்த்துத்தான் அவள் கதைத்தாள். தூரத்தில் நின்ற சிமியோனுக்கும் கேட்டது, அவளுக்கு மெதுவாய்க் கதைக்கத் தெரியாதே.

"உங்கடை ஆக்கள் எண்ட அந்த ஒரு சொல்லை விழுங்கிப்போட்டு, மண்ணை மட்டும் சொல்லியிருக்கலாம்தானே அண்ணை. நான் கேட்டிருப்பன்."

ஊசியைத் தொடையில் குத்தி, மருந்து முழுவதும் இறங்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு போத்தலைத் திரும்ப மண்ணுக்குள் புதைத்து, சாக்கை மூடினாள்.

"கேட்டிருக்க மாட்டன்தான்," என்றாள். "அதுக்காக நீங்கள் சொல்லாமல் போறதே?"